பதவியைத் துறந்த ஹாக்கித் தலைவர்

இந்தியா ஒலிம்பிக்கில் முதன்முதலாக ஹாக்கித் தங்கப் பதக்கம் வென்றது 1928 ஆம் ஆண்டில். அவ்வெற்றியைப் பற்றிப் பேசினால் தியான் சந்தின் பெயர் உடனே நம் நாவில் வரும். ஆனால் அந்த அணியின் தலைவர் யார் என்று கேட்டால் நம்மில் பலருக்கும் தெரியாது. அவர்தாம் ஜெய்பால் சிங் முண்டா.

அவர் 1903 ஜனவரி 3 ஆம் நாள், ராஞ்சிக்கு அருகிலுள்ள டக்ரா என்னும் சிற்றூரில் முண்டா ஆதிவாசிக் குடும்பத்தில் பிறந்தார். ராஞ்சியில் கிறிஸ்தவ மிஷனரிகள் நடத்திய புனித பவுல் பள்ளியில் கல்வி கற்றார். சிறுவனின் அறிவுக் கூர்மையைக் கண்ட பள்ளி முதல்வர் காஸ்கிரேவ் அடிகளார் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். ஆக்ஸ்போர்டில் புனித யோவான் கல்லூரியில் படித்த ஜெய்பால், பல்கலைக்கழக ஹாக்கி அணியிலும் சிறந்து விளங்கினார். அக்காலத்தில் இந்தியர் பலரும் கனவு கண்ட ஐ.சி.எஸ். பதவிக்கும் தேர்வு பெற்றார்.

அவர் அதற்கான பயிற்சியில் இருந்தபோதுதான், ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை ஏற்கும்படி அழைப்பு வந்தது. விடுப்புக் கேட்டார், கிடைக்கவில்லை. ஒரு பக்கம் பெரும் பதவி, மறு பக்கம் நாட்டின் மானம். அவர் ஆம்ஸ்டர்டாமுக்குப் புறப்பட்டார். இந்திய அணி ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள் அடித்தது. ஒரு கோல்கூட வாங்கவில்லை. மே 26 ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில் ஜெய்பால் களமிறங்கவில்லை; பென்னிகர் தலைமையில் இந்தியா நெதர்லாந்தை 3-0 என வென்றது. திரும்பி வந்த ஜெய்பால், பயிற்சியை மேலும் ஓராண்டு செய்ய வேண்டும் எனப் பணிக்கப்பட்டார். அதை ஏற்காமல் ஐ.சி.எஸ்.ஸையே துறந்தார்.

பின்னர் எண்ணெய் நிறுவனத்தில் பணி புரிந்தார். ஆப்பிரிக்காவிலும் ராய்ப்பூரிலும் கல்விப் பணி ஆற்றினார். 1939 இல் ஆதிவாசி மகாசபையின் தலைவரானது முதல் அவர் வாழ்வு தம் மக்களுக்கே உரியதாயிற்று. 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, ஆதிவாசிகளுக்கு இழைக்கப்பட்ட அநீதியை எடுத்துரைத்தார். சமத்துவமும் மக்களாட்சியும் தம் மக்களுக்குப் புதியவை அல்ல என்றும் வாதிட்டார். சபையில் பெண்கள் மிகக் குறைவாக இருப்பதையும் சுட்டிக் காட்டினார்! தனி மாநிலம் வேண்டி 1950 இல் ஜார்க்கண்ட் கட்சியைத் தொடங்கினார். 1963 இல் அக்கட்சி காங்கிரசில் இணைந்தது, மாநிலம் கிட்டவில்லை. 1970 மார்ச் 20 ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் கண்ட கனவு 2000 ஆம் ஆண்டு நவம்பர் 15 இல் நனவாயிற்று.

மாணவிகளே! ஆதிவாசிகள் எங்கோ தொலைவில் வாழ்பவர்கள் அல்லர். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கி வருகிறது. பாம்புக்கடிக்கு மருந்து செய்ய நஞ்செடுத்துத் தருவோர் அம்மக்களே. அவர்கள் வீட்டுப் பிள்ளை நம் பக்கத்தில் வந்து அமர்ந்தால், அன்போடு இடம் கொடுப்போம். இறைவன் நமக்கு அளித்த திறமை, பதவிக்கு ஏறும் படிக்கட்டு மட்டுமன்று. பிறருக்காக உழைக்கவும் அளிக்கப்பட்டது என்பதை ஜெய்பாலின் வாழ்வு நமக்குக் கற்பிக்கிறது.