இரவல் சொல்லும் ஆபிரகாம் லிங்கனும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணிதம்)

மேடை ஏறும் அரசியல் தலைவர்கள் ஞானிகளையும் பழமொழிகளையும் துணைக்கு அழைப்பது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். நம் பேச்சுப் போட்டிகளிலும் ஒரு குறளைச் சொல்லித் தொடங்கினால் கைதட்டல் உறுதி. அவ்வகையில் என் வீட்டில் இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் இருக்கின்றன! ஆனால் எடுத்தாண்ட சொல் எப்போது பேசுபவனுக்குச் சொந்தமாகிறது? இக்கேள்விக்கு விடை தேடியபோதுதான் ஆபிரகாம் லிங்கனின் வாழ்க்கை வரலாறு என்னைப் பிடித்துக்கொண்டது.

1809 பிப்ரவரி 12 அன்று, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரு குடிலில் லிங்கன் பிறந்தார். தந்தை தாமசுக்குத் தட்டுத்தடுமாறித் தம் பெயரை எழுத மட்டுமே தெரியும். தந்தையின் கைநாட்டு வைத்த விண்ணப்பத்தோடு கல்லூரிக்கு வந்த என் போன்றவர்களுக்கு, லிங்கனை உறவினராக எண்ண இது ஒன்றே போதும். ஒன்பது வயதில் தாயை இழந்தார். பள்ளி சென்ற நாட்களையெல்லாம் கூட்டினாலும் ஓராண்டு தேறாது. விவிலியமும் ஈசாப்பின் நீதிக் கதைகளுமே அவருக்குப் பள்ளிக்கூடம். கடைச் சிப்பந்தி, அஞ்சல் அலுவலர், நில அளவையாளர் என்று பல வேலைகள் பார்த்து, தாமே சட்டம் பயின்று 1836இல் வழக்கறிஞர் உரிமம் பெற்றார்.

1843இல் தம் விக் கட்சிக்காரர்களுக்கு வெளியான ஒரு சுற்றறிக்கையை எழுதியதில் லிங்கனுக்குப் பங்கு உண்டு. கட்சியினர் ஒற்றுமையாகத் தேர்தலைச் சந்திக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதில் ஈசாப்பின் விறகுக் கட்டுக் கதை வருகிறது. வீட்டார் இரண்டுபட்டால் வீடு தாங்காது என்ற ஏசுநாதரின் கருத்தும் வருகிறது. தத்துவ ஞானிகள் எல்லோருக்கும் மேலானவர் சொன்னது என்ற அடைமொழி வேறு! வாக்குச் சேர்க்க வேதம் ஓதியதைத் தவிர இதில் வேறு எதையும் நான் காணவில்லை. இப்படிப் பேச லிங்கன் தேவையில்லை, யாரும் பேசலாம்.

பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. 1858 ஜூன் 16 அன்று, ஸ்பிரிங்பீல்டு நகரில், செனட் சபைக்கு வேட்பாளராக நின்ற லிங்கன் அதே வீட்டு உவமையை மீண்டும் எடுத்தார். இம்முறை வீடு என்றது நாட்டை. அடிமை முறை ஒரு பாதியிலும் விடுதலை மறு பாதியிலுமாக இந்நாடு என்றென்றும் நிற்க முடியாது என்றார். பேச்சை முன்கூட்டிக் கேட்ட நண்பர்களில் பெரும்பாலோர் அந்த உவமையை நீக்கிவிடச் சொன்னார்கள். தோல்வி நிச்சயம் என்று அஞ்சினார்கள். லிங்கன் நீக்கவில்லை. எதிர்த்து நின்ற ஸ்டீபன் டக்ளஸ், ஏழு ஊர்களில் நடந்த விவாதங்களில் அந்தப் பேச்சையே காட்டி, நாட்டில் போர் மூட்ட வந்தவர் என்று லிங்கனைத் தாக்கினார். பதவி டக்ளசுக்கே போயிற்று. 1843இல் செலவில்லாமல் கிடைத்த வாக்கியத்துக்கு, 1858இல் லிங்கன் முழு விலை கொடுத்தார். என் கணக்குப்படி அன்றுதான் அது அவருடைய சொல்லாயிற்று.

கணித மாணவன் என்பதால் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாற்பது வயதை ஒட்டி, நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து திரும்பிய பிறகு, லிங்கன் யூக்ளிடின் முதல் ஆறு நூல்களைத் தாமே முயன்று கற்றார். நமக்கோ இரண்டு தேற்றங்களுக்கே கண் சொருகுகிறது! 1776ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனம், மனிதர் யாவரும் சமம் என்பதை நிரூபணம் வேண்டாத வெளிப்படை உண்மையாகக் கொண்டது. 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் ஏறக்குறைய 270 சொற்களே பேசிய லிங்கன், அதே கருத்தைக் குறிக்க யூக்ளிடின் தேற்றங்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லைப் பயன்படுத்தினார். தேற்றம் என்றால் நிறுவியாக வேண்டும். அடிமைச் சந்தைகள் இருந்த நாட்டில் சமத்துவத்தை வெளிப்படை உண்மை என்று சொல்ல அவர் மனம் ஒப்பவில்லை என்றே எனக்குப் படுகிறது. மக்களாட்சியைப் பற்றி அவர் அங்கே சொன்ன புகழ்பெற்ற முடிவுரைக்கும் முன்னோடிகள் உண்டு. டேனியல் வெப்ஸ்டர் 1830இலும், தியோடர் பார்க்கர் என்ற சமய போதகர் 1850இலும் ஏறத்தாழ அதே கருத்தைச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பெயர் மறைந்து லிங்கன் பெயரே நின்றது.

6 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்ட உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 மார்ச் 4 அன்று அவர் இரண்டாம் முறை பதவியேற்றார். வெற்றி வாசலில் நிற்கும் தலைவன் வேதத்தை எடுத்தால், கடவுள் நம் பக்கம் என்று முழங்குவதுதான் வழக்கம். லிங்கன் அப்படிச் செய்யவில்லை. இரு தரப்பும் ஒரே வேதத்தைப் படித்து ஒரே கடவுளை வேண்டின என்றார். அடிமை முறை என்னும் பாவத்துக்காக வடக்கு, தெற்கு இரண்டுக்கும் வந்த தண்டனையாகவே இப்போரைக் கருதலாமே என்று, விவிலிய வசனங்களைத் தம் தரப்பின் மீதும் திருப்பினார். இப்பேச்சு உடனே எல்லோருக்கும் பிடித்துவிடாது என்று சில நாட்களில் ஒரு கடிதத்திலும் எழுதினார்.

பதவியேற்ற நாற்பத்தோராம் நாள், ஏப்ரல் 14 இரவு, வாஷிங்டன் நகரின் நாடக அரங்கொன்றில் அவர் சுடப்பட்டார்; மறுநாள் காலை உயிர் பிரிந்தது. அடிமை முறையை ஒழித்த 13ஆம் சட்டத் திருத்தம் அவ்வாண்டு டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.