ஆழிக்குமரன்: அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தவர்

போன இதழ்ல விளையாட்டு வீரர்கள் பத்தி எழுதச் சொன்னப்போ, எல்லாரும் கிரிக்கெட் பக்கம் போயிட்டாங்க. நான் பூவம்காரன். எங்க ஊர்ல நண்டலாறு கடல்ல கலக்குற பக்கம் நின்னா முன்னாடி தெரியுறது தண்ணிதான். அதனால நான் தண்ணிக்காரர் ஒருத்தரைப் பத்தி எழுதுறேன். நம்ம கரையில பிறந்தவர் இல்லை, ஆனா நம்ம கடலுக்கு அக்கரையில பிறந்தவர்.

அவர் பேர் விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன். உலகத்துக்கு குமார் ஆனந்தன். தமிழர்கள் வைத்த பேர் ஆழிக்குமரன் ஆனந்தன். ஆழி என்றால் கடல். பேர் வைக்கிறதுல நம்ம ஆளுங்களை அடிச்சுக்க முடியாது!

1943 மே 25 அன்று பிறந்தவர். சொந்த ஊர் யாழ்ப்பாணத்தின் வடகரையில் இருக்கும் வல்வெட்டித்துறை. அந்த ஊரைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். பாய்மரக் கப்பல் கட்டி, அதுல ஏறிக் கடல் கடந்து வியாபாரம் செய்த ஊர் அது. அங்கே கட்டிய அன்னபூரணி என்ற கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, வல்வை மாலுமிகளே அதை 1938-ல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை ஓட்டிக்கொண்டு போனார்கள். அந்தக் காற்றைச் சுவாசித்து வளர்ந்த பையனுக்குக் கடல் பயம் எங்கிருந்து வரும்?

இன்னொரு முன்னோடியும் அவருக்குப் பக்கத்திலேயே இருந்தார். தொண்டைமானாறு மு. நவரத்தினசாமி. 1954 மார்ச்சில் வல்வெட்டித்துறையில் இறங்கி, 27 மணி நேரம் நீந்தி, நம்ம கோடியக்கரையில் ஏறினார். பாக்கு நீரிணையை முதலில் நீந்திக் கடந்தவர் அவர்தான். அப்போ ஆனந்தனுக்கு வயசு பத்து. அடுத்து 1966 ஏப்ரலில் வங்காளத்து மிஹிர் சென், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை நீந்தினார்.

ஆனந்தன் வக்கீலுக்குப் படித்தவர். ஆனால் அவர் மனசு கேட்ட கேள்வி வேற. ஒரு பக்கம் நீந்தியாச்சு, சரி. போய்த் திரும்பி வர முடியுமா?

1971-ல் அதைச் செய்து காட்டினார். தலைமன்னாரில் இறங்கினார். தனுஷ்கோடியை அடைந்தார். 1964 டிசம்பர் புயலில் அழிந்துபோன ஊர் அது. ரயில் நிலையமும் கோயிலும் இடிபாடாகக் கிடந்த கரை. அங்கேயே முடித்திருந்தாலும் சாதனைதான். அவர் திரும்பினார். மொத்தம் 51 மணி நேரத்தில் மறுபடி தலைமன்னார். வயது அப்போது முப்பதைத் தொடவில்லை.

51 மணி நேரம்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. செமஸ்டர் பரீட்சைக்கு ஒரு ராத்திரி கண் முழிச்சாலே மறுநாள் ஹால்ல தலை தொங்குது நமக்கு. அவர் இரண்டு பகல், இரண்டு ராத்திரி உப்புத் தண்ணீரில் கை வீசிக்கொண்டே இருந்தார். அந்தப் பகுதியில் ஆழம் அதிகமில்லை, ஆனால் மணல் திட்டுகளுக்கு நடுவே நீரோட்டம் இழுக்கும். உடம்பில் பட்டால் எரியும் சொறிமீன் உண்டு, கடல் பாம்பு உண்டு. உப்பு நாக்கையும் தொண்டையையும் வீங்க வைக்கும்.

அதுக்கப்புறம் அவர் நிற்கவே இல்லை. 1979 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடம் இறங்காமல் சைக்கிள் ஓட்டினார். கிட்டத்தட்ட எட்டு நாள்! 1980-ல் ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். 1981-ல் சென்னைக்கே வந்து, மெரினா அண்ணா நீச்சல் குளத்தில் செங்குத்தாக மிதந்தபடி சுமார் 80 மணி நேரம் இருந்தார். கின்னஸ் புத்தகத்தில் அவர் பேர் திரும்பத் திரும்ப வந்தது.

ஒற்றைக் காலில் நின்று என்ன பிரயோஜனம்னு சிலருக்குத் தோணும். எனக்கும் முதலில் தோணுச்சு. ஆனா வரிசையாப் பார்த்தா ஒண்ணு புரியுது. இதில் எதுவுமே வேகப் போட்டி இல்லை. எல்லாமே, உடம்பு போதும்னு சொன்ன பிறகு இன்னும் எவ்வளவு நேரம் என்கிற கேள்விதான்.

அந்தக் கேள்வியோடுதான் 1984-ல் இங்கிலாந்து போனார். ஆங்கிலக் கால்வாயின் மிகக் குறுகிய இடம் சுமார் 33 கிலோமீட்டர். தலைமன்னார் - தனுஷ்கோடி தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். போய் வந்தவருக்கு ஒரு வழி என்ன பெரிசு?

இங்கேதான் நம்ம பாடம் வருது. தூரம் ஒண்ணு, தண்ணி வேற. நம்ம கடல் சுமார் 28 டிகிரி. ஆகஸ்டிலும் கால்வாய் 18 டிகிரியைத் தாண்டுவது அரிது. காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். விதிப்படி, குளிர் தாங்கும் உடை போடக் கூடாது, கூட வரும் படகைத் தொடவும் கூடாது. பத்து டிகிரி வித்தியாசம் நோட்டில் ஒரு சின்ன எண். தண்ணிக்குள்ள அது வேற உலகம்.

1984 ஆகஸ்ட் 6 அன்று, அந்தக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் குமார் ஆனந்தன் உயிரிழந்தார். வயது 41.

அவர் சொந்த ஊரில் இன்று அவர் பேரில் ஒரு நீச்சல் தடாகம் இருக்கிறது. பிள்ளைகள் அங்கே நீச்சல் பழகுகிறார்கள்.

இன்னொரு விஷயம் என்னைத் தூங்க விடலை. அவர் போய் வந்தது 1971. பாக்கு நீரிணையில் இந்தியாவும் இலங்கையும் எல்லைக்கோடு ஒப்பந்தம் போட்டது 1974. இன்று அந்தக் கோடு தாண்டிவிட்டதாகச் சொல்லி, காரைக்கால் படகுகள் பிடிபட்ட செய்தி அடிக்கடி வருது. எங்க தெருவில் வீட்டு ஆள் எப்போ விடுதலையாகி வருவார்னு பேப்பர் பார்க்கும் அம்மாக்கள் இருக்காங்க. அப்போதெல்லாம் நான் இவரை நினைக்கிறேன். படகும் இல்லாமல், வெறும் இரண்டு கையை வைத்து, அக்கரையைத் தொட்டு வீடு திரும்பிய மனுஷன்.

நம்ம கடலில் அப்படி ஒருத்தர் இருந்தார். அடுத்த தடவை கரையில நிக்கும்போது நினைச்சுப் பாருங்க.