5,000 பனித்துகள்கள், ஒரே ஒரு கேமரா... 'ஸ்நோஃப்ளேக்' பென்ட்லி யார்? ஒரு விவசாயியின் பொழுதுபோக்கு அறிவியலான கதை!

இன்னைக்கு மொபைலில் மேக்ரோ மோடைத் தட்டினால் போதும், எறும்போட மீசை வரைக்கும் தெரியும். ஆனால் மின்சாரமே எட்டாத ஒரு கிராமத்து மாட்டுப் பண்ணையில், சில நிமிடங்களில் காணாமல் போகும் பனித்துகளை ஒருத்தர் போட்டோ எடுத்திருக்கார். அதுவும் 1885-ல்! கிறிஸ்துமஸ் கார்டு முதல் மொபைல் வால்பேப்பர் வரை நாம் பார்க்கும் அந்த ஆறு கைகள் கொண்ட பனித்துகள் வடிவத்தை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் இவர்தான்.

யார் இந்த பென்ட்லி?

முழுப்பெயர் வில்சன் பென்ட்லி. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாகாணத்தில் உள்ள ஜெரிக்கோவில் 1865 பிப்ரவரி 9-ம் தேதி பிறந்தார். குளிர்காலத்தில் ஆளை மூடும் அளவுக்குப் பனி கொட்டும் ஊர் அது. அம்மா முன்னாள் ஆசிரியை. 14 வயசு வரை பென்ட்லிக்கு வீடுதான் பள்ளிக்கூடம், அம்மாதான் டீச்சர்.

15 வயசில் அம்மா ஒரு பழைய மைக்ராஸ்கோப்பைக் கொடுத்தார். கதை அங்கேதான் ஆரம்பிக்குது. பனித்துகளை அதில் வைத்துப் பார்த்த பையன், பார்த்ததை வரைய ஆரம்பித்தான். ஆனால் பாதி வரையும்போதே துகள் உருகிடும். அப்போதான் கேமரா ஆசை வந்தது. கேமரா, மைக்ராஸ்கோப் எல்லாம் சேர்த்து சுமார் 100 டாலர். அந்தக் காலத்து விவசாயக் குடும்பத்துக்கு அது பெரிய காசு. இதெல்லாம் வெட்டி வேலை என்பது அப்பாவின் எண்ணம். அம்மா பேசிப் பேசி வாங்கிக் கொடுக்க வைத்தார்.

வாங்கியதும் படம் வந்துவிடவில்லை. தோல்விக்கு மேல் தோல்வி. கடைசியில் 1885 ஜனவரி 15-ம் தேதி முதல் தெளிவான படம் கிடைத்தது. அப்போ அவருக்கு 20 வயசுகூட முடியல.

எப்படி எடுத்தார்?

பனி பெய்யும்போது கறுப்புப் பலகை ஒன்றை வெளியே நீட்டுவார். அதில் விழும் துகள்களில் நல்லதாக ஒன்றைப் பார்த்து, மெல்லிய குச்சியால் தொட்டு எடுத்து கண்ணாடித் துண்டில் வைப்பார். பிறகு பறவை இறகால் லேசாக அழுத்துவார். இவ்வளவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு! மூச்சுக்காற்று பட்டாலே துகள் காலி. வேலை நடந்த கொட்டகையில் அடுப்பும் கிடையாது, ஹீட்டரும் கிடையாது.

துருத்தி மாதிரி நீளும் பெல்லோஸ் கேமராவை மைக்ராஸ்கோப்போடு நேராக இணைத்திருந்தார். ஜன்னல் வெளிச்சம்தான் லைட்டிங். கேமரா ரொம்ப நீளம் என்பதால், பின்னால் நின்று பார்க்கும்போது ஃபோகஸ் திருகு கைக்கு எட்டாது. அதனால் ஒரு கயிற்றைக் கட்டி, இழுத்து ஃபோகஸ் செய்தார். மேக்ரோ எடுப்பவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்: எவ்வளவு நெருங்கிப் போறோமோ, ஃபோகஸில் நிற்கும் பகுதி அவ்வளவு குறையும், வெளிச்சமும் குறையும். அதை ஈடுகட்ட லென்ஸ் துளையைச் சுருக்கினார். பல விநாடிகள், சில நேரம் ஒரு நிமிடத்துக்கும் மேல் எக்ஸ்போஷர் கொடுத்தார். (கண்டிப்பா சொல்லணும்னா, இது மேக்ரோவையும் தாண்டி மைக்ராஸ்கோப் வழியா எடுக்கும் போட்டோமைக்ரோகிராபி வகை.)

படத்தில் 'எடிட்டிங்' செய்தாரா?

செய்தார். வெளிர் பின்னணியில் வெளிர் துகள் எடுபடவில்லை. அதனால் நெகட்டிவின் நகலில், துகளைச் சுற்றியிருந்த ரசாயனப் பூச்சைக் கத்தியால் சுரண்டி எடுத்தார். அச்சிடும்போது அந்த இடமெல்லாம் கறுப்பாகிவிடும். ஒரு படத்துக்கே மணிக்கணக்கில் ஆகும் வேலை இது. மூல நெகட்டிவை மட்டும் தொடாமல் வைத்துக்கொண்டார்.

பிரச்னையும் இங்கேதான் வந்தது. ஜெர்மனி வானிலை ஆய்வாளர் குஸ்டாவ் ஹெல்மன், இப்படிச் சுரண்டுவதால் துகளின் ஓரமே மாறிப்போவதாக விமர்சித்தார். ஜெர்மனியில் எடுக்கப்பட்ட படங்களில் கோணல்மாணலான துகள்கள் நிறைய இருந்தன. பென்ட்லியிடம் மட்டும் எல்லாமே எப்படி இவ்வளவு அழகு?

நம்மைக் கேட்டால், பின்னணியைச் சுரண்டியதைவிட பெரிய விஷயம் அவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதுதான். உடைந்தவை, ஒட்டிக்கொண்டவை, ஒரு பக்கம் குறைந்தவை - வானத்திலிருந்து விழுவதில் பெரும்பாலானவை இப்படித்தான். பென்ட்லி அழகானதைத் தேடித்தேடி எடுத்தார். இன்ஸ்டாவில் நல்ல போட்டோவை மட்டும் போடுவோமே, அதே கதைதான்! அதனால், எல்லாப் பனித்துகளும் கச்சிதமான நட்சத்திரம் என்ற எண்ணம் நம் மனசில் ஒட்டிக்கிச்சு.

ஒன்றைப் போல் இன்னொன்று கிடையாது என்ற பிரபலமான கருத்தும் பெருமளவில் இவர் வழியாகப் பரவியதுதான். 1988-ல் அமெரிக்க ஆய்வாளர் நான்சி நைட், கிட்டத்தட்ட ஒரே மாதிரியான இரண்டு பனிப்படிகங்களைக் காட்டினார். ஆனால் அவை எளிய வடிவம் கொண்டவை. கிளை கிளையாக விரியும் நட்சத்திர வகையில் அப்படி ஜோடி கிடைப்பது ரொம்பவே கஷ்டம்.

மாவில் விழுந்த மழை

பலருக்குத் தெரியாத சுவாரசியமான விஷயம் இது. மழைத்துளியின் அளவைக் கண்டுபிடிக்க, ஒரு தட்டில் சலித்த மாவைப் பரப்பி மழையில் காட்டினார். துளி விழுந்த இடமெல்லாம் குட்டிக் குட்டி மாவு உருண்டைகள். அவற்றைக் காயவைத்து அளந்தார். அளவு சரியா என்று பார்க்க, விட்டம் தெரிந்த துளிகளையும் மாவில் விட்டு ஒப்பிட்டார். பெரிய துளி சுமார் 6 மில்லிமீட்டர் எனக் கண்டறிந்து, 1904-ல் கட்டுரையாக வெளியிட்டார். அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் 1940-களிலும் ஆய்வாளர்கள் இதே மாவு முறையைப் பயன்படுத்தினார்கள்.

காசு வந்ததா?

இல்லை. லாந்தர் ஸ்லைடு ஒன்று 5 சென்ட்டுக்கு விற்றார். செலவு செய்ததில் சிறு பங்குகூட திரும்பவில்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை. பகலில் மாடு, பால், வயல். பனி பெய்தால் கொட்டகை. 1924-ல் அமெரிக்க வானிலைச் சங்கம் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. எவ்வளவு? 25 டாலர்!

1931 நவம்பரில், வானிலைத் துறையின் வில்லியம் ஹம்ப்ரீஸுடன் சேர்ந்து 'ஸ்நோ கிரிஸ்டல்ஸ்' புத்தகத்தை வெளியிட்டார். 2,400-க்கும் அதிகமான படங்கள். அடுத்த மாதமே, பனிப்புயலில் பல மைல் நடந்து வீடு திரும்பியவருக்கு நிமோனியா வந்தது. டிசம்பர் 23-ம் தேதி, அதே பண்ணை வீட்டில் இறந்தார். வயது 66.

அந்தப் புத்தகத்தால் ஈர்க்கப்பட்டவர்களில் ஒருவர் ஜப்பான் இயற்பியலாளர் உகிச்சிரோ நகாயா. 1936-ல் ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வகத்தில், முயல் ரோமத்தின் நுனியில் செயற்கைப் பனிப்படிகத்தையே வளர்த்துக் காட்டினார். எந்த வெப்பநிலையில், எவ்வளவு ஈரப்பதத்தில் எந்த வடிவம் உருவாகும் என்ற பட்டியல் அவரிடமிருந்துதான் கிடைத்தது.