லேப் கண்டுபிடிப்பு காசாகுமா? அன்றே வழி காட்டிய பேராசிரியர்... யார் இந்த பட்நாகர்?

கருக்களாச்சேரி மீனவ கிராமம் இருக்கும் காரைக்கால் மாவட்டத்தில் ஓஎன்ஜிசியைத் தெரியாதவர்கள் குறைவு. காவிரிப் படுகை எண்ணெய்க் கிணறுகளுக்கான அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. கிணறு தோண்டும்போது துளைக்குள் ஒரு வகைச் சேற்றைச் செலுத்துவார்கள். அது இறுகிவிட்டால் வேலை அப்படியே நின்றுவிடும். சுதந்திரத்துக்கு முன்பே இந்தச் சிக்கலுக்குத் தீர்வு சொன்னவர் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர். அவர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர்.

யார் இவர்?

1894 பிப்ரவரி 21-ல், இன்றைய பாகிஸ்தானில் உள்ள பேராவில் பிறந்தார். 8 மாதக் குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட, தாய்வழித் தாத்தா வீட்டில் வளர்ந்தார். லண்டனில் 1921-ல் டாக்டர் பட்டம் பெற்றார். காசி இந்து பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் பணிபுரிந்துவிட்டு, 1924-ல் லாகூர் பஞ்சாப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார்.

சேற்றில் என்ன சிக்கல்?

ராவல்பிண்டி பகுதியில் அட்டாக் ஆயில் கம்பெனி துளையிட்டபோது, சேறு உப்பு நீரோடு கலந்து கல் போல இறுகியது. சேற்றில் இருக்கும் நுண் துகள்கள் உப்பு பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுதான் காரணம். பட்நாகர் அதில் கொஞ்சம் இந்தியப் பிசினைச் சேர்க்கச் சொன்னார். சேறு இறுகவில்லை, சிக்கல் தீர்ந்தது.

பணம் யாருக்குப் போனது?

அசந்துபோன ஸ்டீல் பிரதர்ஸ் நிறுவனம், அவரது ஆய்வுக்காக ஒன்றரை லட்சம் ரூபாய் தர முன்வந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. பட்நாகர் அதைத் தன் கையில் வாங்காமல் பல்கலைக்கழகம் வழியாகச் செலவிட வைத்தார். அதில் பெட்ரோலிய ஆய்வுத் துறை உருவானது. பிறகு தொகை இரண்டரை லட்சமாக உயர்ந்தது.

இதற்கு முன்பே, 1928-ல் கே.என்.மாத்தூரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய காந்தத் தராசை லண்டனின் ஆடம் ஹில்கர் நிறுவனம் தயாரித்து விற்றது. லேபில் செய்தது சந்தைக்குப் போகும் என்பதை நேரிலேயே பார்த்தவர் அவர்.

தனி ஆளாகச் செய்தது அமைப்பானது எப்படி?

எல்லாக் கண்டுபிடிப்புக்கும் கம்பெனி தேடி வராது. எது தொழிலுக்கு உதவும், யாரிடம் கொடுக்கலாம் என்று பார்க்க ஓர் இடம் வேண்டும். பட்நாகரின் வற்புறுத்தலால் 1941-ல் தொழில் ஆராய்ச்சிப் பயன்பாட்டுக் குழு அமைந்தது. தொழில் நிறுவனங்கள் தரும் ராயல்டியைத் தனி நிதியாகச் சேர்க்கவும் அரசு சம்மதித்தது.

அதே ஆண்டு நவம்பரில், தமிழரான ஆற்காடு ராமசாமி முதலியாரின் முயற்சியால் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வீதம் 5 ஆண்டுகளுக்கு ஆய்வு நிதி கிடைத்தது. 1942-ல் சிஎஸ்ஐஆர் பிறந்தது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் உருவான மின்வேதியியல் ஆய்வகம் 1953-ல் திறக்கப்பட்டது. ஆய்வகக் கண்டுபிடிப்புகளைத் தொழிலுக்குக் கொண்டுசேர்க்கும் தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அதிலும் பட்நாகருக்குப் பெரும் பங்கு உண்டு. 1955 ஜனவரி 1-ல் அவர் காலமானார். இளம் விஞ்ஞானிகளுக்கு இன்றும் அவர் பெயரில் விருது தரப்படுகிறது.

இப்போது என்ன நடைமுறை?

திருவேட்டக்குடி என்ஐடி போன்ற கல்லூரிகளில் யாராவது ஒன்றைக் கண்டுபிடித்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

* உலகில் எங்குமே இல்லாத புதுசா?
* துறை தெரிந்தவருக்கே எளிதில் தோன்றாத யோசனையா?
* தொழிலில் பயன்படுமா?
* காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறதா?

முதல் மூன்றும் இருந்தால்தான் காப்புரிமை. நான்காவது இல்லையென்றால் காப்புரிமை வெறும் காகிதம். ஆய்வுக் கட்டுரையை அவசரப்பட்டு வெளியிட்டால் புதுமை போய்விடும். அதனால் முதலில் விண்ணப்பம், அப்புறம் கட்டுரை. காப்புரிமை கிடைத்தால் 20 ஆண்டுகள் செல்லும். கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 சதவீதச் சலுகை 2021 முதல் இருக்கிறது.