ஸர் ஜார்ஜ் பீட்ஸன்

நாம் இந்நாளில் எளிதிற் பெற்று நுகரும் நன்மைகளுட் பல, முன்னொரு காலத்தில் யாரோ ஒருவருடைய தனித்த சிந்தனையில் முளைத்து, வேறு யாரோ ஒருவருடைய உடல் வருத்தத்தால் வளர்ந்தவை யாகும். இவ்வுண்மையை நன்கு விளக்குவது ஸ்காத்லாந்து தேயத்துச் சத்திர வைத்தியர் ஸர் ஜார்ஜ் தாமஸ் பீட்ஸனுடைய சரித்திரம். மார்பகப் புற்றுநோயை உடலினுள் ஊறும் சுரப்புக்களை அடக்குவதனால் தணிக்கலாம் என்று முதன்முதற் செய்து காட்டியவர் இவரே. ஆதலின் இவர் வரலாற்றைச் சுருக்கமாக ஈண்டு எழுதப் புகுந்தோம்.

பீட்ஸன் 1848-ஆம் ஆண்டில் இலங்கைத் தீவின் திருகோணமலையிற் பிறந்தார். இவர் தந்தையார் பட்டாளத்து வைத்தியர். நம் தமிழ் மக்கள் வாழும் ஒரு துறைமுகத்தில் இவர் கண்விழித்தார் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதொன்றே. பின்னர்க் கேம்பிரிட்ஜிலும் எடின்பரோவிலும் கல்வி பயின்று, புண்கள் சீழ்ப்பிடியாமற் காக்கும் முறையைக் கண்ட லிஸ்டர் பெருமானிடம் உதவி வைத்தியராக அமர்ந்து தொழில் கற்றனர்.

வைத்தியப் பட்டத்திற்கு ஆராய்ச்சியுரை எழுத வேண்டிய காலத்தில், இவர் தேர்ந்தெடுத்த பொருள் தாய்ப்பால் சுரத்தலைப் பற்றியது. ஈன்ற பசுவின் சூலகங்களை அகற்றிவிட்டால் அது நெடுநாள் பால் வற்றாமற் கறக்கும் என்று சில தேயத்துக் குடியானவர் கண்டிருந்தனர். வயலில் உழைப்போர் அறிந்த அச்செய்தியை இவர் அற்பமென்று தள்ளவில்லை. முயல்களிற் சோதித்தும் பார்த்தார். மார்பகத்தினின்றும் சேய்மையிலுள்ள சூலகம், இடையே நரம்புத் தொடர்பு ஒன்றும் புலப்படாதிருந்தும், அம்மார்பகத்தை எவ்வாறோ ஆள்கின்றது என்னும் எண்ணம் இவர் உள்ளத்தில் வேரூன்றிற்று. இவ்வாராய்ச்சியுரை 1878-இல் முடிவுற்றது. எனினும் அவ்வெண்ணம் பயன்தர மேலும் பதினேழு ஆண்டுகள் செல்லவேண்டி யிருந்தது.

கிளாஸ்கோ நகரத்தின் புற்றுநோய் வைத்தியசாலையில் இவர் தலைமை பூண்டிருந்த காலத்தில், 1895-ஆம் ஆண்டு, முப்பத்து மூன்று வயதினளாகிய ஒரு பெண்மணி வந்தாள். இரண்டு குழந்தைகட்குத் தாய். முன்னரே மார்பகம் ஒன்று அறுத்து அகற்றப்பட்டும் நோய் மீண்டும் பரவி, இனிக் கத்தியால் ஆவது ஒன்றுமில்லை என்னும் நிலையை அடைந்திருந்தாள். பீட்ஸன் தம் பழைய எண்ணத்தை நினைந்தார். செய்யப் புகுவது முன் யாரும் செய்து பாராதது, பயன் உறுதியன்று. இதனை நோயாளிக்கும் அவள் கணவனுக்கும் எடுத்துரைத்து, அவள் இசைவு பெற்ற பின்னரே, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அவளுடைய இரு சூலகங்களையும் அகற்றினார். தைராய்டுச் சத்து மாத்திரைகளையும் உடன் கொடுத்து வந்தார். கட்டிகள் படிப்படியாகச் சுருங்கின. எட்டுத் திங்கள் கழிந்தபின் நோயின் சுவடு காணப்படவில்லை. நோய் பின்னர்த் திரும்பியதாயினும், அவள் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் உயிர் வாழ்ந்தாள்.

பீட்ஸன் இதனை 1896-இல் லான்ஸெட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். ஹார்மோன் என்னும் சொல்லே 1905-இற்குப் பின்னர்தான் வழக்கில் வந்தது; சூலகத்தில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் 1929-இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. பொருளின் பெயரும் அறியப்படாத காலத்தே அதன் செயலை இவர் அறிந்தமை வியப்பன்றோ! பிறரும் இச்சிகிச்சையைச் செய்து பார்த்தனர். 1900-ஆம் ஆண்டளவில், நோயாளிகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே பயன்பெறுகின்றனர் என்பது தெளிவாயிற்று. அதன் காரணமோ நெடுங்காலம் விளங்கவில்லை. ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி சில கட்டிகளில் உண்டு, சிலவற்றில் இல்லை என்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் புலனாயிற்று.

இவர் மணம் செய்துகொள்ளவில்லை. நோயாளருக்கும், விபத்திற் சிக்கியோர்க்கு முதலுதவி செய்யும் சங்கத்திற்கும், செஞ்சிலுவைத் தொண்டிற்கும் தம் வாழ்நாளை வழங்கி, 1933-இல் உயிர் நீத்தார். கிளாஸ்கோவில் ஒரு பெரிய புற்றுநோய் வைத்திய நிலையம் இன்றும் இவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

இவர் விதைத்த விதை இன்று மாத்திரை வடிவில் விளைந்துள்ளது. 1962-இல் ஆக்கப்பட்ட டமாக்ஸிபென் என்னும் மருந்து 1970-ஆம் ஆண்டுகளிற் புற்றுநோய்க்கு வழங்கலாயிற்று. அரோமடேஸ் தடுப்பான்கள் அதன்பின் வந்தன. கத்தியின்றியே ஈஸ்ட்ரோஜனின் வேலையை அடக்கும் இவற்றை நோயாளிகள் ஐந்து முதற் பத்தாண்டு வரையும் உட்கொள்கின்றனர். ஆயின் நன்மை விலையின்றி வருவதன்று. அப்பெண்மணியின் சூலகங்கள் அகன்றபோது அவள் உடல் ஒரே நாளில் முதுமையின் வாயிலுக்குத் தள்ளப்பட்டது. இன்று மாத்திரை உண்போரும் அவ்வாயிலிலேயே நிற்கின்றனர். திடீரென்று உடலில் அனல் எழுந்து வியர்த்தல், துயிலின்மை, மூட்டு நோவு, மனச்சோர்வு, எலும்பு மெலிதல் முதலிய இன்னல்கள் அவர்களை வருத்துகின்றன. கட்டி கண்ணுக்குத் தெரியாதிருக்க, மருந்தின் துன்பம் மட்டும் நாடோறும் தெரிதலால், நடுவழியில் மருந்தை நிறுத்துவோரும் பலர். நோய் மீளாமற் காக்கும் அரண் அவ்வாறு இடிந்துபோகின்றது.

இன்னல்களுக்குப் பரிகாரம் இல்லாமலில்லை. நாடோறும் நடத்தலும், தசைகட்கு வலுவூட்டும் பயிற்சியும் மூட்டு நோவைத் தணித்து எலும்பையும் காக்கும். எலும்பின் திண்மையைச் சோதித்துக்கொள்ளலும், சுண்ணச் சத்தும் டி வைட்டமினும் குறைவின்றிப் பெறுதலும் வேண்டும். பருத்தி ஆடையும் காற்றோட்டமுள்ள அறையும் அனலை ஓரளவு ஆற்றும். மிக்க அனலுக்கு மருந்தும் உண்டு. ஆயின் மனச்சோர்வுக்குரிய சில மருந்துகள் டமாக்ஸிபெனின் வலியைக் குறைக்குமாதலின், எதனையும் வைத்தியரைக் கேளாமற் சேர்த்தலாகாது. டமாக்ஸிபென் உண்பவர்க்குக் காலில் வீக்கமோ, மூச்சுத் திணறலோ, மாதவிடாய் நின்றபின் உதிரப்போக்கோ கண்டால் தாமதியாது வைத்தியரை அடைதல் வேண்டும். ஒரு மாத்திரை ஒவ்வாதாயின் மற்றொன்றுக்கு மாறலாம். தாமே நிறுத்துதல் தகாது.

இவ்வின்னல்களைச் சொல்ல நாணி மறைத்து வருந்தும் தாய்மாரும் தமக்கைமாரும் நம் இல்லங்களிலும் இருக்கலாம். அவர்கள் வாய் திறக்குமாறு அன்புடன் வினவுதலும், அவர்கள் சொல்லைச் சிறு குறையென்று தள்ளாதிருத்தலும் கற்றோராகிய நம் கடமை. குடியானவர் சொல்லைச் செவிமடுத்தமையாலன்றோ பீட்ஸன் புதுவழி கண்டார்! அவர் பெயரை உலகம் அறியும். அன்று இசைவு தந்து தன் உடலை ஒப்புவித்த அப்பெண்மணியை நம்மிற் பலர் அறியோம். அவள் நடந்த வழியே இன்று எண்ணற்றோர் நடந்து பிழைக்கின்றனர். பீட்ஸனைப் போற்றும்போது அவளையும் உடன் போற்றுவோமாக.