குதிரைகளின் கண் பார்த்த ஜேம்ஸ் வார்ட்ராப்

ஸ்கொட்லாந்தில் 1782இல் பிறந்த சத்திரசிகிச்சையாளர் ஜேம்ஸ் வார்ட்ராப். குழந்தைகளின் கண்ணில் வரும் புற்றுநோய் விழித்திரையில் தொடங்குகிறது, பரவமுன் விழியை அகற்றவேண்டும் என்று 1809இல் எழுதினார். மயக்கமருந்தே இல்லாத காலம் அது.

பின்னாளில் அரச வைத்தியருமானார். எனக்குப் பெரிதாகத் தெரிவது 1819இல் அவர் எழுதிய குதிரைக் கண்நோய் நூல்தான். ஒரு கண் அழற்சியால் கெட்டால், மற்றதைக் காப்பாற்றக் குதிரை வைத்தியர்கள் கெட்ட கண்ணை அழிப்பதை அதில் பதிந்தார். 1851இல் அந்த வழி மனிதருக்கும் வந்தது. 1869இல் வார்ட்ராப் காலமானார்.

வல்வெட்டித்துறையில் 1987இல் ஷெல் துண்டு என் இடக்கண்ணைத் துளைத்தது. கண்ணை எடுக்க அம்மா சம்மதிக்கவில்லை. விட்டுவைத்தால் நல்ல கண்ணும் போகலாம் என்று விளக்கிய பிறகே கையெழுத்து வைத்தார். இதை வலக்கண்ணால் பார்த்துத்தான் எழுதுகிறேன்.