ஓமந்தூரார்

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில், உழவர் குடும்பத்தில், 1895ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் பிறந்தவர் இராமசாமி. ஊர்ப்பெயரே அவருடைய பெயராக நிலைத்தது. வள்ளலாரின் நெறியையும் காந்தியடிகளின் வழியையும் தம் வாழ்வாகக் கொண்ட அவர், விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டார். 1947 மார்ச் 23 அன்று சென்னை மாகாணத்தின் முதல்வரானார். அப்பதவி அந்நாளில் பிரதமர் எனப்பட்டது.

நாடு விடுதலை பெற்றபோது, சென்னை மாகாணத்தின் வடக்கெல்லையில் பெருஞ்சிக்கல் ஒன்று எழுந்தது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த ஐதராபாத்தை ஆண்ட நிசாம், இந்தியாவுடன் இணைய மறுத்தார். மக்களுக்குப் பொறுப்புடைய ஆட்சி வேண்டுமென்று சுவாமி இராமானந்த தீர்த்தரின் தலைமையில் அறப்போர் நடந்தது. தெலங்கானா உழவரோ நிலக்கிழார்களை எதிர்த்து ஆயுதம் ஏந்தினர். காசிம் ரசுவியின் இரசாக்கர் படை ஊர்களைச் சூறையாடியது. இங்கிலாந்தில் மன்னர் முதலாம் சார்லசு நாடாளுமன்றத்தைப் புறக்கணித்து ஆண்டதன் விளைவாக 1642இல் உள்நாட்டுப் போர் மூண்டது. மக்களின் குரலுக்கு அரியணை செவிசாய்க்காத இடத்தில் நேர்வது என்ன என்பதை ஐதராபாத்தும் காட்டியது.

அங்கிருந்து அஞ்சி ஓடிவந்த மக்கள் சென்னை மாகாணத்தின் தெலுங்கு மாவட்டங்களில் அடைக்கலம் புகுந்தனர். எல்லை ஊர்களும் தாக்குதலுக்கு உள்ளாயின. மாகாண அரசுக்குப் படை இல்லை. வந்தோரைக் காப்பதும் எல்லையில் அமைதியை நிலைநிறுத்துவதும் ஓமந்தூராரின் அரசுக்குரிய பெரும் பொறுப்புகளாயின. 1948 செப்டம்பர் 13 அன்று இந்தியப் படை ஐதராபாத்தினுள் நுழைந்தது. 17ஆம் நாள் நிசாம் பணிந்தார். அதனை ஒட்டி நிகழ்ந்த பழிவாங்கலில் முசுலிம் மக்கள் பலர் உயிரிழந்தது ஆறாத வடுவாயிற்று. 1952இல் அங்கே மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரவை அமைந்தது.

இத்தனை நெருக்கடிக்கு இடையிலும் ஓமந்தூராரின் அரசு சீர்திருத்தங்களைக் கைவிடவில்லை. ஒடுக்கப்பட்டோரின் கோவில் நுழைவுக்கும் தேவதாசி முறை ஒழிப்புக்கும் 1947இல் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1948இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் பரவியது. அவ்வாண்டிலேயே சமீன்தாரி ஒழிப்புச் சட்டமும் நிறைவேறியது. நிலக்கிழார்க்கு எதிராக அண்டை நாட்டில் குருதி சிந்தி நடந்த போராட்டத்தின் நோக்கம், இங்கே சட்டமன்றத்தின் வழியே நிறைவேறத் தொடங்கியது.

ஆனால், அவருடைய கண்டிப்பு கட்சியினர் பலருக்குக் கசந்தது. தம் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்களிடையே எதிர்ப்பு வலுத்தபோது, அவர் பதவியைப் பற்றிக்கொண்டிருக்கவில்லை. 1949 ஏப்ரல் 6 அன்று பதவியை விட்டு விலகினார். வடலூரில் வள்ளலார் வழியில் கல்விக்கும் தொண்டுக்கும் தம்மை ஒப்படைத்தார். 1970 ஆகத்து 25 அன்று மறைந்தார்.

அதிகாரத்தை விட மறுத்த மன்னர் ஒருவரால் ஒரு நாடே அல்லலுற்ற காலத்தில், அவைக்குக் கட்டுப்பட்டதே ஆட்சி என்பதைத் தம் விலகலால் உணர்த்தியவர் ஓமந்தூரார். சென்னையின் அரசினர் தோட்டம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.